மேட்டடி சாஸ்தாவும் கால் மில்லிமீட்டர் கோடும்

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 18, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. மலைப்பக்கமிருந்து காற்றும் இல்லை. பாறைகள் இன்னும் சுடவில்லை. ஆனால் பதினொன்றரைக்குள் சுட ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு சாஸ்தா கோயில் முன்னால் நாற்பத்தாறு குடம் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார்கள். குடங்களை எண்ணியவன் நான். இந்த ஊர் இருபத்து மூன்று, அந்த ஊர் இருபத்து மூன்று. ஒரு குடம் கூடியிருந்தாலும் அடிதடி ஆகியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பதற்காக எங்கள் அதிகாரி அவர்களை வரச்சொல்லியிருந்தார்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் நில அளவை வரைவாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து, 2016-இல் ஓய்வு பெற்றவன். நம் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று மூன்று முறை போன் செய்தார்கள். மூன்று முறையும் முடியாது என்றேன். கண் வலி, முதுகு வலி, பக்கத்து வீட்டுக்காரர் போடும் போர்வெல் சத்தம் என்று காரணங்களும் இருந்தன. ஆனால் போன மாதம் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அவர்கள் மலை ஏறுவதில்லையாம். டிரோனை ஏற்றிவிட்டுக் கீழே நிழலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அது அரை மீட்டர் உயர வித்தியாசத்தைக்கூடக் கோடாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறதாம்.

"சார், மேட்டடி சாஸ்தா கோயில் எந்த ஊர் எல்லைங்கிற விவகாரம் உங்க காலத்துல முடியாம நின்னுட்டாமே. சொன்னா பத்து நிமிஷத்துல முடிச்சிருவோம்" என்றான் ஒருவன், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.

 அது முடியாமல் நிற்கவில்லை. முடிந்து நிற்கிறது. எப்படி முடிந்தது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓர் ஆண்டு. அதில் எனக்கு நினைவிருப்பது ஒரு அரைத் தேங்காய். அதை வாளியில் கவிழ்த்து வைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட விளிம்பைச் சுற்றிக் கோடு போட வேண்டும். மறுபடி ஒரு அங்குலம், மறுபடி ஒரு கோடு. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலேயிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்ப்பது. இதுதான் காண்டூர், அதாவது சமஉயரக் கோடு. எங்கள் தேங்காய் மிதந்துவிட்டது. அதை ஒருவன் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். அவனுடைய விரல்களையும் மலைத்தொடராக நினைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தோம். பயிற்சியாளர் அதற்கும் மதிப்பெண் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கே போனாலும் கோடு எண்ணும் வழக்கம் வந்துவிட்டது. எங்கள் பகுதி வரைபடத்தில் இருபது மீட்டருக்கு ஒரு கோடு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்க் கடற்கரை வரை போனால் இரண்டே கோடுதான் இறங்குகிறோம். குடும்பத்தோடு சாமி கும்பிடப் போகும்போது எனக்குப் பொழுதே போகாது. மாஞ்சோலை பஸ்ஸில் ஏறினால் நாற்பதுக்கும் மேலே. ஒவ்வொரு வளைவிலும் எண்ணி, தலை சுற்றி, எஸ்டேட் வாசலில் இறங்கி உட்கார்ந்துவிடுவேன். "பஸ் ஏறுனதுக்குத் தலை சுத்துதா, எண்ணுனதுக்குச் சுத்துதா?" என்று என் மனைவி கோமதி கேட்பாள். இரண்டுக்கும் என்பதே சரியான பதில்.

எங்கள் அதிகாரி ஆறுமுகநயினார் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெந்நீர் தவிர எதுவும் குடிக்க மாட்டார். வரைபடத்தைத் தொட யாரையும் விடமாட்டார். விரல் வியர்வை பட்டால் ஒரு ஊரே அழிந்துவிடும் என்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி இருக்கும். அதை வைத்துத்தான் எதையும் காட்டுவார்.

ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தால் முதலில் வடக்கு பார்க்க வேண்டும். படத்தின் வடக்கும் பூமியின் வடக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மலையுச்சியில் இது நியாயம். இவர் அலுவலகத்திலும் அப்படித்தான். திசைகாட்டியை வைத்துவிட்டு, "தள்ளுங்கவே" என்பார். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மேஜையைக் கோணலாகத் தள்ளுவோம். கட்டடம் கட்டியவன் வடக்கை மதிக்காதவன். அதனால் மேஜையின் ஒரு மூலை பீரோவை மறிக்கும், இன்னொரு மூலை கதவை மறிக்கும். காற்றாடி யார் தலைக்கும் மேலே இராது. உள்ளே இருப்பவன் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். மத்தியானச் சாப்பாட்டு வாளிகளை ஜன்னல் வழியாக வாங்கியிருக்கிறோம்.

அடுத்தது ஓரம். படத்தின் நடுவைப் பார்க்கவே கூடாது. தாளின் எண், அச்சிட்ட ஆண்டு, அளவை, கோட்டுக்குக் கோடு எத்தனை மீட்டர், எல்லாவற்றையும் ஓரத்திலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தபிறகு, "இன்னொரு தடவ" என்பார். பிறகு ஆறு. பிறகு ஓடைகள். கோடுகள் கூம்பிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறினால் அது ஓடை. பள்ளத்துப் பக்கம் இறங்கினால் அது மேட்டு முதுகு. அதற்குப் பிறகுதான் கேள்வியைக் கேட்கலாம். பெரும்பாலும் அதற்குள் கேள்வி கேட்க வந்தவர் போயிருப்பார்.

மேட்டடி சாஸ்தா கோயில் விஷயம் இப்படித்தான் மேஜைக்கு வந்தது. மலையடிவாரத்தில் வடக்கே பனையடிக்குறிச்சி, தெற்கே நெடுங்கரை. இரண்டுக்கும் நடுவில் மலையிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு மேடு இறங்கிவருகிறது. அந்த மேட்டில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே குதிரைச் சேணம் போலத் தாழ்ந்த ஓர் இடம். அங்கே சாஸ்தா இருக்கிறார். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் ஓட்டுக் கட்டடம். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு ஊர்க்காரர்களும் ஏறிவந்து பொங்கலிட்டு இறங்கிப் போவார்கள். கோயில் யாருடைய எல்லையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

அந்த ஆண்டு கோயிலுக்குச் சாலை போடப் பணம் வந்தது. கோயில் எந்த ஊராட்சியோ அந்த ஊராட்சிக்குப் பணம். உடனே இரண்டு ஊர்களுக்கும் அது தங்கள் கோயில்தான் என்பது நன்றாக நினைவுக்கு வந்தது. பனையடிக்குறிச்சித் தலைவர் சப்பாணிமுத்து ஒரு மனு கொடுத்தார். நெடுங்கரைத் தலைவர் இசக்கிப்பாண்டி இரண்டு மனு கொடுத்தார்.

மலையில் எல்லைக்கல் கிடையாது. பழைய ஆவணத்தில், "மேட்டு முதுகில் மழைத்தண்ணீர் வடக்கும் தெற்குமாகப் பிரிகிற இடம் எல்லை" என்று ஒரு வரி இருந்தது. ஆகவே வரைபடத்தில் கூம்புகளை எல்லாம் முனைக்கு முனை சேர்த்து, நீர் பிரியும் கோட்டை நான் வரைய வேண்டும். மேஜையைக் கோணலாகத் தள்ளினோம். ஓரத்தை இரண்டு முறை வாசித்தேன். என்னிடம் இருந்ததிலேயே மெல்லிய பேனாவால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் போட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அதைவிட நல்ல கோடு நான் போட்டதில்லை.

ஆறுமுகநயினார் ஈர்க்குச்சியை எடுத்தார். "கோயில் எங்கவே?"

"இங்கன சார்."

"கோட்டுக்கு வடக்கயா, தெக்கயா?"

"கோட்டு மேல சார்."

"மேலன்னா?"

"கோடு கோயில மறைச்சிட்டு சார்."

அவர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "சங்கரலிங்கம், கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. ஆறாம் வகுப்புல சொல்லித் தந்தாவளா இல்லையா?"

"தந்தாவ சார்."

"அகலம் இல்லாத ஒண்ணு எப்படிவே கோயில மறைக்கும்? ரெண்டுல ஒரு பக்கம் இருந்துதான ஆகணும். பெருசாக்கிப் பாரும், தெரியும்."

அலுவலகத்துக்கு எதிரே செய்யது அண்ணாச்சி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். படத்தின் அந்தப் பகுதியை இரண்டு மடங்காக்கினார். கோயில் இரண்டு மடங்கானது. கோடும் இரண்டு மடங்கானது. நான்கு மடங்காக்கினார். எட்டு ஆக்கினார். ஊசிமுனை போல இருந்த கோயில் கடுகளவு ஆயிற்று. மயிர் போல இருந்த கோடு சணல் ஆகி, கயிறு ஆகி, கடைசியில் தாம்புக்கயிறு ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அது கோயிலை முழுசாக மூடிக்கொண்டுதான் வந்தது. தாள்களை ஒட்டி ஒட்டிக் கடை வாசல் வரை விரித்துவிட்டோம். போகிறவர்கள் செருப்பைக் கழற்றி அதைத் தாண்டிப் போனார்கள்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?" என்றேன்.

"ஆக்கலாம். ஆனா அதுக்குப் பந்தல்காரன்கிட்டதான் துணி வாங்கணும்" என்றார் செய்யது அண்ணாச்சி. "எனக்கு ஒரு சந்தேகம் வே. நீரு கோயிலப் பெருசாக்கச் சொன்னீரு, மெசின் கோட்டையும் சேத்துல்லா பெருசாக்குது. அதுக்கு எது கோயில், எது கோடுன்னு எப்படித் தெரியும்?"

கணக்கு எளிது. படத்தின் அளவை ஐம்பதாயிரத்தில் ஒன்று. என் பேனாக்கோடு கால் மில்லிமீட்டர். பூமியில் அது பன்னிரண்டரை மீட்டர். கோயில் நாலு மீட்டர். சாஸ்தா என் கோட்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறார், இரண்டு பக்கமும் நாலே கால் மீட்டர் மிச்சம் வைத்துக்கொண்டு. இதை ஆறுமுகநயினாரிடம் சொன்னேன். கோட்டுக்கு அகலம் கிடையாது என்று மறுபடி சொன்னார். "நேர்ல பாத்திருவோம்" என்றார்.

முதல் முறை போனபோது நான் ஒரு வேண்டாத வேலை செய்தேன். இரண்டு ஊர்க்காரர்களும் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூம்பு மேலே பார்த்தால் ஓடை, கீழே பார்த்தால் மேடு என்று விளக்கிவிட்டேன். ஒரு வாரத்தில் அலுவலகத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"அய்யா, நீங்க போட்ட எழுவதாம் நம்பர் கூம்பு கொஞ்சம் தெக்க சாஞ்சிருக்கு. அது யார் சொல்லிச் சாஞ்சிது?" என்றார் சப்பாணிமுத்து.

"அவரு சொல்லுதாருன்னு கூம்ப நிமித்திராதிய" என்றார் பின்னாலேயே வந்த இசக்கிப்பாண்டி. "இவ்வளவு நாளும் ஆட்டுக்கு வேலி போடத் தெரியாத ஆளு. இப்பம் காண்டூரு பேசுதாரு."

"நீரு மட்டும் பொறந்தப்பமே படத்தோடயா வந்தீரு?"

இவர்கள் போனபிறகு தனியாக வந்தவர் கோயில் பூசாரி பேச்சிமுத்து. குட்டையான மனிதர். பேசும்போது துண்டை முறுக்கிக்கொண்டே இருப்பார். பிறந்தது பனையடிக்குறிச்சி. பெண் எடுத்தது நெடுங்கரையில். அண்ணன் வடக்கே, மச்சினன் தெற்கே.

"அய்யா, கோயிலு எந்தப் பக்கம்னு சொல்லப் போறிய?"

"இன்னும் தெரியல."

"தெரியாமலே இருக்கட்டும்" என்றார். "வடக்கன்னு சொன்னியன்னா, என் பொண்டாட்டி உலகம்மைய அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். சொல்லியும் போட்டான். தெக்கன்னு சொன்னியன்னா எங்க அண்ணன் என் மக கல்யாணத்துக்கு வரமாட்டான். ஆவணியில முகூர்த்தம். சபையில தாய்மாமனும் நிக்கணும், பெரியப்பனும் நிக்கணும். நான் யார விட?"

"கோடு யாருக்காகவும் வளையாதுவே."

"வளைய வேண்டாம். பைய போகட்டும். எங்கனயும் நிக்காம போகட்டும்."

அவர் கொண்டுவந்த தேங்காயை வாங்க மறுத்துவிட்டேன். போகும்போது ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18 வந்தது. ஆனி, ஆடிச் சாரலுக்குக் காத்திருக்க முடியாது. பங்குனி உத்திரத்துக்குள் முடிவு வேண்டும். அதனால்தான் குடங்கள். ஆறுமுகநயினார் முதலில் திசைகாட்டியை எடுத்து வடக்கு பார்த்தார். பிறகு ஒரு பாறையின் மேல் படத்தை விரித்து என்னை ஓரத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஊர்க்காரர்கள் மந்திரம் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் திருநீறு பூசிக்கொண்டார்.

"இன்னொரு தடவ" என்றார் அதிகாரி.

பிறகு தகராறு. பனையடிக்குறிச்சி கொண்டுவந்தது கிணற்றுத் தண்ணீர். நெடுங்கரை கொண்டுவந்தது ஆற்றுத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீருக்கு ஓடிப் பழக்கம் உண்டு, அது நெடுங்கரைப் பக்கமே போகும், இது மோசடி என்றார் சப்பாணிமுத்து. கிணற்றுத் தண்ணீர் உப்பு, கனம் கூட, கனமானது மெதுவாகத்தான் போகும் என்றார் இசக்கிப்பாண்டி. ஆறுமுகநயினார் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார்.

கோயிலின் கிழக்கு வாசலுக்கு நேர் முன்னால், நட்ட நடுவில் முதல் குடத்தை ஊற்றினார்கள். ஓடவே இல்லை. மண் குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. ஒன்பது குடம் வரை குடித்தது. "சாஸ்தாவுக்குத் தாகம்" என்று யாரோ சொன்னார்கள். பத்தாவது குடத்தில் தண்ணீர் கொஞ்சம் நின்று, யோசித்து, பிறகு அசைந்தது.

பாதி வடக்கே போனது. பாதி தெற்கே போனது.

இன்னொரு குடம். அதுவும் பாதிப் பாதி. தராசில் நிறுத்தது போல. ஆறுமுகநயினார் முழங்காலிட்டு, ஈர்க்குச்சியைத் தண்ணீரில் வைத்து, மிதக்கவிட்டுப் பார்த்தார். அது கோயில் வாசலுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"பாத்தீராவே, பிரிஞ்சிட்டு. கோட்டுக்கு அகலம் கிடையாது."

நான் பார்த்தது வேறு. கோயிலுக்கு வடக்கே பத்தடி தள்ளி மண் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. ஈரமான மம்பட்டித் தடம். தெற்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே ஆழம், அதே தடம். தண்ணீர் தங்கள் பக்கம் வரட்டும் என்று பனையடிக்குறிச்சிக்காரர்கள் வடக்கே ஒரு முழம் வெட்டிச் சரித்திருக்கிறார்கள். நெடுங்கரைக்காரர்கள் தெற்கே ஒரு முழம் சரித்திருக்கிறார்கள். சாஸ்தா இரண்டுக்கும் நடுவில், கேக்கின் மேல் வைத்த செர்ரிப் பழம் போல் உயர்ந்து நின்றார். இரண்டு தலைவர்களும் எதிர்ப் பக்கத்து வெட்டைப் பார்த்தார்கள். சொல்லலாம் என்று வாய் திறந்தார்கள். தங்கள் பக்கத்து வெட்டும் தெரியும் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்கள்.

இறங்கும்போது பேச்சிமுத்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆழத்துக்கு வெட்டியிருக்காவளே, எப்படி?" என்றேன்.

அவர் துண்டை முறுக்கினார். "முந்தாநாளு எங்க அண்ணன் வெட்டுனான். நேத்து மச்சினன்கிட்டப் போயி, அங்கன இவ்வளவு வெட்டியாச்சு மாப்ளேன்னு கம்பு வச்சு அளந்து சொன்னேன். அவனும் வெட்டுனான். கொஞ்சம் கூட வெட்டிப்புட்டான், நான்தான் திரும்ப மண்ணப் போட்டு மிதிச்சேன்."

இதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. அவர் எழுதச் சொன்ன அறிக்கையில் ஒரே ஒரு வரி முக்கியம்: கோயில் எல்லைக் கோட்டின் மேல் அமைந்துள்ளது. என் வரைபடம் இணைப்பு. பணம் இரண்டு ஊராட்சிகளுக்கும் பாதிப் பாதி. அவரவர் பக்கமிருந்து எல்லைக் கோடு வரை அவரவர் சாலை போட்டுக்கொள்ள வேண்டியது. பேச்சிமுத்துவின் மகள் கல்யாணத்தில் தாய்மாமனும் நின்றார், பெரியப்பாவும் நின்றார். நானும் போயிருந்தேன். பந்தியில் இரண்டு ஊர்க்காரர்களும் எனக்கு மாற்றி மாற்றிப் பாயசம் ஊற்றினார்கள். எனக்கு அப்போதே சர்க்கரை.

சாலை போட வந்த பொறியாளர் இளைஞர். கெட்டிக்காரர். எல்லைக் கோடு வரை என்று உத்தரவில் இருந்ததால், இணைப்பு வரைபடத்தில் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வடக்குச் சாலை என் கோட்டின் வடக்கு விளிம்பில் நின்றது. தெற்குச் சாலை தெற்கு விளிம்பில் நின்றது. நடுவில் பன்னிரண்டரை மீட்டர். இரண்டு பக்கமும் அழகான தார், நடுவில் வெட்டிச் சரித்த களிமண்ணும் கல்லும். அந்த இடம் எந்த ஊராட்சியிலும் இல்லை. கோட்டின் உள்ளே இருக்கிறது.

ஒரு ஊர்க்காரர் அங்கே ஒரு கல் போட்டால் மற்ற ஊர் ஆக்கிரமிப்பு என்று மனு கொடுக்கும். அதனால் யாரும் போடவில்லை. ஒவ்வொரு பங்குனி உத்திரம் முடிந்ததும் பேச்சிமுத்து தேங்காயோடு என் வீட்டுக்கு வருவார்.

"அய்யா, உங்க கோடு வழுக்குது."

"அது என் கோடு இல்லவே, அரசாங்கக் கோடு."

"நேத்து உங்க கோட்டுல ரெண்டு பேரு விழுந்துட்டாவ. ஒரு பொங்கப் பானையும் போச்சு."

வருஷா வருஷம் இப்படித்தான். உள்ளேயிருந்து கோமதி, "இந்த வருஷம் எத்தன பேரு?" என்று கேட்பாள். அவளுக்கும் என் வழக்கம் ஒட்டிக்கொண்டது. பதினான்கு பங்குனியில் முப்பத்தொரு பேர். பானைகளைத் தனியாக வைத்திருக்கிறேன்.

போன ஆண்டு பேச்சிமுத்து தேங்காய் இல்லாமல் வந்தார். விழுந்தவர் அவருடைய அண்ணன். மணிக்கட்டு உடைந்துவிட்டது. தெற்குப் பக்கச் சரிவில் விழுந்ததால், வெட்டிய மச்சினன்தான் காரணம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணனைத் தள்ளிவிட்ட குடும்பம் என்று ஊரில் பேச்சு. உலகம்மை பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாராம். பேத்திக்கு அடுத்த ஆண்டு வைகாசியில் காதுகுத்து.

"ஒரு ஊர்க்காரன் போட்டா அடுத்தவன் விடமாட்டான் அய்யா. ரெண்டு ஊர்லயும் இல்லாத ஆளு போடணும். கோட்டப் போட்டவரே வந்து கல்லையும் போட்டாருன்னா எவனுக்கும் வாயில்ல."

எனக்குக் கோபம் வந்தது. நான் போட்டது கோடு. நல்ல கோடு. அதில் ஒரு பிசிறு கிடையாது. அளவை அரசாங்கம் கொடுத்தது, பேனா அரசாங்கம் கொடுத்தது, பெரிதாக்கச் சொன்னவர் அதிகாரி, வெட்டியவர்கள் ஊர்க்காரர்கள். இதில் நான் எங்கே வருகிறேன் என்று ஒரு மணி நேரம் அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டார். எழுந்து போகவில்லை. கோமதி அவருக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஆறுமுகநயினாரைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனேன். எழுபது தாண்டிவிட்டார். கட்டிலை வடக்கு பார்த்துக் கோணலாகப் போட்டிருந்தார். அவருடைய மருமகள் அதைச் சுற்றிச் சுற்றிப் போய் வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, செலவில் பாதி தந்தால் நன்றாயிருக்கும் என்றேன்.

அவர் வெந்நீரைக் கீழே வைத்தார்.

"எதுக்குவே செலவு?"

"அந்தப் பன்னிரண்டரை மீட்டருக்கு சார்."

"எந்தப் பன்னிரண்டரை மீட்டர்?"

"கோட்டோட அகலம் சார்."

"நாப்பது வருசமா என்னவே சொல்லுதேன்? கோட்டுக்கு அகலமே கிடையாது. இல்லாத இடத்துக்கு நான் எப்படிவே பணம் தர முடியும்?"

கீழே இருந்த வெந்நீரை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி வெளியே வந்தேன். 

இந்த ஆண்டு மாசி மாதம் என் செலவிலேயே வேலை நடந்தது. நான் போய் ஒரு கல்லின் மேல் குடையோடு உட்கார்ந்துகொண்டேன். வடக்குத் தார் முனையிலிருந்து கோயில் வாசல் வழியாகத் தெற்குத் தார் முனை வரை பன்னிரண்டரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். வெட்டிய இடங்களை முதலில் கிராவல் போட்டு நிரப்பச் சொன்னேன். கொத்தனார், தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் கொடுக்கணுமே, எந்தப் பக்கம் என்று கேட்டார். கல் தூக்கிக்கொண்டிருந்த இரண்டு ஊர்க்காரர்களும் அப்படியே நின்றார்கள். பேச்சிமுத்து துண்டைக் கடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கமும் வேண்டாம்" என்றேன்.

"தண்ணி நிக்குமே அண்ணாச்சி."

"நிக்கட்டும்."

கல்லுக்குக் கல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். கொத்தனார் இரண்டாம் நாள் என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். சித்திரையில் பெய்த கோடை மழையில் தண்ணீர் இரண்டு விரல் ஆழத்துக்கு நின்று, எந்தப் பக்கமும் போகாமல், மூன்றாம் நாள் வெயிலில் காய்ந்து போனதாகப் பேச்சிமுத்து சொன்னார். வருகிறவர்கள் அதில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போகிறார்களாம். பங்குனி உத்திரத்துக்கு அண்ணனும் ஏறி வந்தாராம். மச்சினன் அவர் பானையையும் சேர்த்துத் தூக்கி வந்தாராம். உலகம்மை பெட்டியைப் பிரித்துவிட்டார்.

ஆகவே டிரோன் வைத்திருக்கும் தம்பிகள் தாராளமாக மேட்டடி சாஸ்தாவின் மேல் அதைப் பறக்கவிடலாம். அரை மீட்டர் என்ன, கால் மீட்டருக்குக் கேட்டாலும் அந்த முப்பத்தேழரைச் சதுர மீட்டரில் ஒரு கோடுகூட விழாது. கல், பதித்த கூலியோடு, இருபத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது. கிராவல் இரண்டு லோடு ஏழாயிரத்து நானூறு. மேலே ஏற்றிய வண்டி வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. இரண்டு ஊருக்கும் பொதுவாக டீ, வடை அறுநூற்று நாற்பது. கால் மில்லிமீட்டருக்கு ஆன மொத்தச் செலவு நாற்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.